கைத்துப்போன டெக்கீலா

அத்தியாயம் 6

"உப்பைக் கீழ வை," என்றாள் அருள்மலர்.

சுஜீத் வைத்தான்.

"தேசிக்காயையும் வை."

கோயில் வாசலில் புதுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் போகிறவனின் முகத்தோடு அதையும் வைத்தான். "அக்கா, டெக்கீலா எண்டா இதுதான் முறை. உப்பை நக்கு, ஒரே மடக்கு, தேசிக்காயைக் கடி, கடவுளைக் கூப்பிடு."

"அது தொண்டையைக் கிழிக்கிற டெக்கீலாவுக்கு. இப்ப நாங்கள் குடிக்கப் போறேல்லை. விசாரிக்கப் போறம்."

"போத்தலையோ?"

"ஓம். அதுதான் முதல் சாட்சி."

தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்குக் கிட்ட, போன் திருத்தும் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்தது அருள்மலரின் துப்பறியும் நிலையம். முன்பு காப்புறுதிக் கம்பனி ஒன்றில் இருந்தவள் அவள். கழுத்து நோவு என்று நட்டஈடு கேட்டவர்களைக் கலியாண வீட்டு டான்ஸில் வைத்துப் பிடித்தவள். சுஜீத் அவளுடைய உதவியாளன். கார் ஓட்டுவது அவன் வேலை. கேட்காமலே கருத்துச் சொல்வது அவன் பிறவிக் குணம்.

மேசைக்கு அந்தப் பக்கம், போத்தல் மூடியைத் திருகித் திருகிக் கொண்டிருந்தாள் சயந்தினி. வங்கி வேலையை விட்டுவிட்டு மெக்சிக்கோவிலிருந்து ஒரு கொண்டெய்னர் டெக்கீலா இறக்கியவள். பெயர் 'லூனா மன்சா'. டெக்கீலா என்றாலே பயப்படுகிறவர்களுக்கான சாதுவான சரக்கு என்பது அவளுடைய வியாபாரப் பேச்சு.

"இன்னொருக்கா சொல்லும் சயந்தினி. ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது?"

"சங்கத்தின்ரை ருசிப் போட்டி, அக்கா. தெற்கு லண்டன் தமிழ் மதுக்கடைக்காரர் சங்கம் வருசத்துக்கு ஒரு புதுப் போத்தலைத் தெரிவு செய்யும். வெண்டா எல்லாக் கடையிலயும் வைப்பினம். கடைசியில ரெண்டு போத்தல்தான் நிண்டது. என்ரை ஒண்டு, ராம்கியின்ரை மிளகாய் டெக்கீலா ஒண்டு. பேர் தெரியாம கிளாசில ஊத்திக் குடுத்தது. நடுவர் மூண்டு பேர். தலைவர் ஜீவரத்தினம் அங்கிள் எனக்குப் பத்துக்குப் பத்து போட்டார்."

"மற்ற ரெண்டு பேரும்?"

"பெனடிக்ற் அண்ணையும் அவற்றை தம்பி றெஜினோல்டும் ஆளுக்கு ஒண்டு போட்டவை. ஒண்டு! பிறகு பெனடிக்ற் அண்ணை எழும்பி, நான் தலைவருக்கு லஞ்சம் குடுத்திட்டன் எண்டு கத்தினார்." மூடி மேசையில் உருண்டது. "இண்டைக்குப் பின்னேரம் கூட்டம். அதில என்னைத் தடை செய்தா, ஒரு தமிழ்க் கடையும் என்ரை போத்தலைத் தொடாது. ஒரு கொண்டெய்னர் டெக்கீலாவை நான் ஒராள் குடிச்சு முடிக்கேலாது."

"நான் உதவி செய்வன்," என்றான் சுஜீத்.

அருள்மலர் கிளாசைச் சாய்த்து, வாயைச் சற்றே திறந்தபடி மணந்தாள். மூக்கை உள்ளே விடவில்லை. அப்படி விட்டால் சாராய ஆவி மூக்கை அடித்துவிடும், வேறொன்றும் தெரியாது. பிறகு ஒரு சொட்டு. அதை நாக்கின் நுனியிலிருந்து அடி வரைக்கும் ஊர்வலம் விட்டாள்.

"அவிச்ச வத்தாளங்கிழங்கின்ரை இனிப்பு," என்றாள். "பிறகு மெல்லிசாய்ப் பனங்கட்டி. கடைசியில கொஞ்சம் வெள்ளை மிளகு. தொண்டையில கால் வைக்காமலே இறங்குது. இது அண்டைக்கு ஊத்தின அதே போத்தலோ?"

"அதே போத்தல். மிச்சத்தை அப்பிடியே மூடி வச்சனான்."

சுஜீத்தும் ஒரு மிடறு வைத்தான். கண்கள் விரிந்தன. "அக்கா, இது சாராயமில்லை. சாராயம் படிச்சுப் பட்டம் வாங்கினா இப்பிடித்தான் இருக்கும்."

"இதுக்கு ஒருத்தர் பத்து, ரெண்டு பேர் ஒண்டு." அருள்மலர் கிளாசை வைத்தாள். "அண்டைக்கு வேற ஏதும் சண்டை நடந்ததோ?"

"வேறயோ? ஓம், தேத்தண்ணியிலயும் பெனடிக்ற் அண்ணை பிழை பிடிச்சவர். குசினியில நிக்கிற றொசாந்தி அக்காவோட சண்டை."

அருள்மலர் கோட்டை எடுத்தாள்.

"அக்கா, கேஸ் டெக்கீலா," என்றான் சுஜீத். "நீங்கள் தேத்தண்ணிக்குப் பின்னால போறியள்."

"டெக்கீலாவில பிழை பிடிக்கலாம், அது நியாயம். றொசாந்தியின்ரை தேத்தண்ணியில பிழை பிடிக்கிற தைரியம் ஒரு மனிசனுக்கு எங்கயிருந்து வந்தது?"

*

போட்டி நடந்த குரோய்டன் மண்டபத்தின் குசினியில் றொசாந்தி வடைக்கு உழுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். கேள்வி முடிவதற்குள் கிரைண்டரை நிறுத்திவிட்டாள்.

"சீனி போடேல்லையாம்! என்னைப் பார்த்து! கலியாணம், பூப்பு நீராட்டு, செத்தவீடு எல்லாத்துக்கும் இந்தக் கையாலதான் ஊத்திறன். ஒருத்தரும் அப்பிடிச் சொன்னதில்லை."

"சீனி தனியா வைக்கிறனீங்களோ?"

"தனியாவோ? என்ன, வெள்ளைக்காரற்றை கஃபேயோ இது? பால், சீனி, தேயிலைச் சாயம் எல்லாம் ஒரே பானைக்குள்ள. எல்லாருக்கும் ஒரே தேத்தண்ணி. பெனடிக்ற் குடிச்சிட்டு, சுடுதண்ணி எண்டார். சீனிப் போத்தலைத் தூக்கிக் குடுத்தன். கரண்டி கரண்டியாப் போட்டார். அப்பவும் இனிக்கேல்லையாம். தம்பியாரும் அப்பிடியே தலையாட்டினார். அது அண்ணன் தும்மினா இவர் மூக்குத் துடைக்கிற ஆள்."

"மற்றவை?"

"அந்த இந்தியாக்காரத் தம்பி ராம்கி ஒரு வாய் குடிச்சிட்டு, 'அக்கா, இது டீயா பாயசமா' எண்டு கேட்டுது. தலைவர் ரெண்டாவது கப் வாங்கிக் குடிச்சவர். மனிசி பக்கத்தில இல்லாத நேரம் பார்த்து."

காரில் ஏறியதும் சுஜீத் தீர்ப்பு எழுதிவிட்டான். "ராம்கிதான். அவன் ஏதோ கலந்திருக்கிறான். போட்டிக்காரன், சிரிச்ச முகம், இஸ்திரி போட்ட ஷேட். மூண்டும் சேர்ந்தா குற்றவாளி."

"என்னத்துக்குள்ள கலந்தவன்?"

"டெக்கீலாவுக்குள்ள."

"அந்தப் போத்தலை இப்பதானே நீ குடிச்சனி?"

"அப்ப தேத்தண்ணிக்குள்ள."

"அதே பானையிலதான் அவனும் குடிச்சவன், தலைவரும் குடிச்சவர். போத்தலும் சரி, பானையும் சரி. ரெண்டும் பெனடிக்ற்றிட்டைப் போகேக்க மட்டும் பிழைச்சிருக்கு. மிச்சம் என்ன இருக்கு?"

சுஜீத் சிவப்பு விளக்கில் பிரேக் போட்டான். "கப்?"

"நாக்கு."

*

பெனடிக்ற்றின் கடை நோர்பரியில். வைனுக்கும் வைக்கோலுக்கும் ஒரே பார்வை பார்க்கிற மனிதர். கல்லாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்கள் அந்தப் பிள்ளையின்ரை ஆள். எனக்குக் கதைக்க ஒண்டுமில்லை."

"ஒரே ஒரு கேள்வி அண்ணை. அந்த டெக்கீலா எப்பிடி இருந்தது?"

கேட்காமல் விட்டிருந்தால்தான் அவருக்குக் கோபம் வந்திருக்கும். "எப்பிடி இருந்ததோ? பெயின்ற் கழுவின தண்ணி! எரிவு, பிறகு ஒரு வெறுமை. ராம்கியின்ரையில எண்டாலும் உறைப்பு இருந்தது. இதைப் போய்த் தலைவர் பத்து எண்டுறார். சீவியம் முழுக்க விஸ்கி வித்த மனிசன். காசு கதைக்குது!"

"போட்டிக்கு முதல் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் சாப்பிடக்கூடாது, வெறும் பிஸ்கட்தான் எண்டு சயந்தினிப் பிள்ளை சொன்னது. நாங்களும் அப்பிடித்தான் இருந்தனாங்கள்." கொஞ்சம் தயங்கினார். "தலைவர் தன்ரை சாப்பாட்டுப் பெட்டியை நீட்டினார். அது மரியாதைக்கு எடுத்தது. அதைச் சாப்பாடு எண்டு சொல்லேலாது."

"என்ன இருந்தது?"

"ஏதோ பச்சை இலைச் சம்பல். தேங்காய்ப்பூ, வெங்காயம் போட்டு. தெய்வமே, என்ன கைப்பு! நானும் தம்பியும் ஆளை ஆள் பார்த்துக் கண்ணாலயே அழுதம்."

"பிறகேன் சாப்பிட்டனீங்கள்?" என்றான் சுஜீத்.

பெனடிக்ற் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, சங்கத் தலைவர் தன்ரை மனிசியின்ரை கைச்சாப்பாட்டை நீட்டிறார். வேண்டாம் எண்டு சொல்லுறதோ? முழுக்கச் சாப்பிட்டு, நல்லாயிருக்கு எண்டும் சொன்னம்."

"தலைவர் சாப்பிடேல்லையோ?" அருள்மலரின் குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"இல்லை. தனக்கு விரதமாம். ஞாயிறு விரதம்."

"விரதம் இருக்கிற மனிசன் பிறகு டெக்கீலா குடிச்சவரோ?"

பெனடிக்ற் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "நாங்கள் சேர்ச்சுக்குப் போற ஆக்கள். உங்கட விரதத்தில எது ஓம், எது இல்லை எண்டு எங்களுக்கு என்னண்டு தெரியும்?"

*

தோர்ண்டன் ஹீத் தமிழ்க் கடையில், முருங்கைக்காய்க்கும் வல்லாரைக்கும் நடுவே ஒரு கட்டு இலை கிடந்தது. அருள்மலர் அதை வாங்கினாள். கூடவே ஒரு லட்டு.

"இதைச் சப்பு," என்று நான்கு இலையை நீட்டினாள்.

சுஜீத் சப்பினான். அவன் முகம் பழைய துணி பிழிகிற மாதிரி முறுகியது. "அக்கா, நான் என்ன பிழை விட்டன்?"

"துப்பிப்போட்டு லட்டைச் சாப்பிடு."

கடித்தான். நின்றான். திரும்பவும் கடித்தான். கடைக்காரரைப் பார்த்தான், லட்டைப் பார்த்தான். "மண்! அண்ணை, உங்கட லட்டுக்குள்ள மண்! நெய் போட்ட மண்!"

"காலமைதான் வந்தது!" கடைக்காரர் கொதித்தார்.

"லட்டில பிழையில்லை," என்றாள் அருள்மலர். "இது குறிஞ்சா. இரத்தத்தில சீனி கூடின சலரோகக்காரருக்கு எங்கட சனம் குடுக்கிற இலை. பச்சையாச் சப்பினா கொஞ்ச நேரத்துக்கு நாக்கு இனிப்பை மறந்துபோகும். சீனி மணல் மாதிரி இருக்கும். லூனா மன்சாவில இருக்கிறதெல்லாம் அந்த மெல்லிய இனிப்புத்தானே? அதைக் கழட்டி எடுத்தா மிச்சம் எரிவு மட்டும்தான். மிளகாய் டெக்கீலாவுக்கு அந்தக் கவலை இல்லை."

சுஜீத் காரில் இருந்த லூனா மன்சாவில் ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தான். பட்டம் வாங்கின சாராயம் பள்ளிக்கூடத்தை விட்டே ஓடியிருந்தது. "பெயின்ற் தண்ணி," என்றான் துக்கத்தோடு. "அப்ப, தலைவர்தான் வில்லன்! திட்டம் போட்டு அவைக்கு இலையைத் தீத்தி..."

"திட்டம் போட்டவர் எண்டா, தான் ஏன் பத்துப் போட்டவர்?"

சுஜீத் லட்டின் மிச்சத்தைக் கடதாசியில் சுற்றினான்.

*

மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தில் ஜீவரத்தினம் தன் வானுக்குள் தனியே இருந்தார். கதவைத் தட்டியதும் எதையோ சீட்டுக்கு அடியில் தள்ளினார். மீசையில் வெள்ளைக் கிறீம் ஒட்டியிருந்தது.

"அண்ணை, அது கிறீம் பணிஸோ?" என்றாள் அருள்மலர்.

"இல்லை."

"ஞாயிற்றுக்கிழமையும் அதுதானோ? குறிஞ்சாச் சம்பலை அண்ணன் தம்பிக்குக் குடுத்திட்டு? அதாலதான் அவைக்கு டெக்கீலாவில இனிப்புத் தெரியேல்லை."

ஜீவரத்தினம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். ஹோர்ன் ஒருமுறை அழுதது.

"கைக்குது, தங்கச்சி. சாமர்த்தியமாய்ச் சமைப்பாள் என்ரை மனிசி சிவனேஸ்வரி. ஆனா அந்த இலை! சலரோகம் வந்த நாள் துடக்கம் பெட்டி பெட்டியாக் கட்டித் தாறாள். நான் ஆருக்கும் குடுத்திட்டு வெறும் பெட்டியைக் கொண்டுபோவன். அவள் விம்பிள்டன் கோயில்ல போய், 'என்ரை மனிசன் குறிஞ்சாவைக் கீரை மாதிரிச் சாப்பிடுவார்' எண்டு எல்லாப் பெண்டுகளுக்கும் சொல்லி வச்சிருக்கிறாள். சத்தியமா அது நாக்கைக் கெடுக்கும் எண்டு எனக்குத் தெரியாது. நான்தானே சாப்பிடுறதில்லை!"

"அப்ப உள்ள வந்து சொல்லுங்கோ. உங்கட பேரும் தப்பும், சயந்தினியும் தப்புவா."

"சொல்லேலாது."

"லஞ்சம் வாங்கினவர் எண்டு சொல்லுறாங்கள் அங்கிள்!" என்றான் சுஜீத்.

"சொல்லட்டும். அதை மூண்டு மாதத்தில மறந்திடுவினம். இது சாகுமட்டும் நிக்கும். நான் தலைவர் பதவியை விடுறன். முடிஞ்சுது."

"உங்களுக்கு முடியும்," என்றாள் அருள்மலர். "அந்தப் பிள்ளைக்கு? லஞ்சம் வாங்கினவரை மறப்பினம், குடுத்தவளை மறக்கமாட்டினம். நான் இலையைப் பற்றிச் சொல்லுவன். பெட்டியைப் பற்றி நீங்கள்தான் சொல்லோணும். உங்கட மனிசியின்ரை கைச்சாப்பாடு. அதை நான் சந்தியில இழுக்கமாட்டன்."

*

மண்டபம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் சிவனேஸ்வரி, மடியில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு. கூட்டம் முடிந்ததும் கணவர் சாப்பிடவேண்டும் அல்லவா?

பெனடிக்ற் எழுந்து, சயந்தினியை நிரந்தரமாகத் தடை செய்யவேண்டும் என்றார். தம்பி றெஜினோல்ட் தலையாட்டினார். சயந்தினி கைகளை மடிக்குள் இறுக்கிக்கொண்டாள்.

அருள்மலர் மேசையில் குறிஞ்சாக் கட்டை வைத்தாள். சுஜீத் இரண்டாம் முறையாக, கழுமரத்துக்குப் போகிறவன்போல் அதைச் சப்பினான். பிறகு ஒரு கரண்டி சீனியை வாயில் போட்டுக் கறுமுறு என்று மென்றான். முகத்தில் ஒரு சந்தோசமும் இல்லை.

"கடற்கரை," என்றான். "பிரைற்றன் கடற்கரையைத் தின்னுற மாதிரி இருக்கு."

பெனடிக்ற் இலையையே பார்த்தார். தேநீர் நினைவு வந்தது. சம்பலும் நினைவு வந்தது. மெல்ல மெல்லத் தலைவர் பக்கம் திரும்பினார்.

"இதையோ எங்களுக்குத் தந்தனீங்கள்? ஆ! விளங்குது! ராம்கியிட்டைக் காசு வாங்கிக்கொண்டு எங்கட நாக்கைக் கெடுத்திருக்கிறியள். சயந்தினியிட்டை வாங்கிக்கொண்டு பத்துப் போட்டிருக்கிறியள். ரெண்டு பக்கமும் வாங்கியிருக்கிறியள்!"

"சார், நான் யாருக்கும் எதுவும் கொடுக்கலை!" ராம்கி துள்ளி எழுந்தான். "எங்க கம்பெனி எனக்கே பெட்ரோல் காசு தர மாட்டேங்குது!"

மண்டபம் கொதித்தது. சயந்தினி எழுந்தாள். கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள், வாசலைப் பார்த்து நடந்தாள்.

"இரு பிள்ளை!"

ஜீவரத்தினம்தான். மைக் இல்லாமலே குரல் கடைசி வரிசை வரைக்கும் போனது.

"ஒருத்தரும் ஒரு சதமும் தரேல்லை. அந்தச் சம்பல் எனக்குக் கட்டித் தந்தது. கைக்குது எண்டு நான் சாப்பிடேல்லை. அண்டைக்கு மட்டுமில்லை, ஒருநாளும் சாப்பிடேல்லை. விரதம் எண்டதும் பொய். வானுக்குள்ள இருந்து கிறீம் பணிஸ் தின்னுறனான்."

அவர் யாரைப் பார்த்துச் சொன்னாரோ அவரைத்தான் மண்டபமும் பார்த்தது.

சிவனேஸ்வரி எழுந்தார். மேடைக்கு ஏறினார். மடியிலிருந்த பெட்டியைத் திறந்து கணவர் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்கோ."

"சிவா, இத்தினை பேருக்கு முன்னால..."

"இத்தினை பேருக்கு முன்னாலதானே சொன்னீங்கள்?"

ஜீவரத்தினம் சாப்பிட்டார். சங்கம் முழுவதும் எண்ணெய் விளக்கில் எழுத்து வாசிக்கிற கவனத்தோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி இலையும் போனபிறகுதான் சிவனேஸ்வரி பெட்டியை மூடினார்.

"இப்ப திரும்பவும் போட்டியை வையுங்கோ," என்றார். "மற்ற ரெண்டு பேற்றை நாக்கும் இண்டைக்குச் சுத்தமா இருக்கும்."

"அக்கா," சுஜீத் அருள்மலரின் காதில் கிசுகிசுத்தான், "மூண்டு நடுவரும் போடோணும் எண்டது சங்கத்தின்ரை சட்டம். இப்ப தலைவற்றை நாக்கு..."

"தெரியும்," என்றாள் அருள்மலர். முதன்முறையாக அவள் முகத்திலும் கவலை இருந்தது.

றொசாந்தி கிளாசுகளை நிரப்பிக் கொண்டுவந்தாள். முதலில் ராம்கியின் மிளகாய்ச் சரக்கு. தலைவர் ஆறு, பெனடிக்ற் ஆறு, தம்பியும் ஆறு. மொத்தம் பதினெட்டு.

அடுத்த கிளாஸ். தலைவர் ஒரு மிடறு வைத்தார். அது எது என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பத்துப் போட்டவர். இப்போதும் பத்து என்று சொன்னால் கேட்க ஆளில்லை.

நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். சயந்தினியைப் பார்த்தார்.

"மன்னிச்சுக்கொள்ளு பிள்ளை. நல்ல சாமான் எண்டு மனம் சொல்லுது. நாக்கில ஒண்டும் இல்லை. நாக்குக்குத்தான் நான் போடோணும்." குரல் தணிந்தது. "சைபர்."

சயந்தினி கண்ணை மூடினாள்.

பெனடிக்ற் தன் கிளாசைத் தூக்கியவர் அப்படியே நின்றார். "சைபரோ?" என்றார். "காசு வாங்கினவன் சைபர் போடுவானோ?" கிளாசைக் கீழே வைத்தார். தலைவர் பக்கம் போய் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு திரும்பி வந்து குடித்தார்.

ஒரு மிடறு. இன்னொன்று. நடுவருக்கு மூன்றாவது மிடறு வழக்கமில்லை. அவர் எடுத்தார்.

"பனங்கட்டி," என்று தனக்குள் சொன்னார். "எங்க இருந்தது இது அண்டைக்கு?" நிமிர்ந்தார். "ஒன்பது. நான் ஒருத்தருக்கும் பத்துப் போடுறதில்லை."

சுஜீத் விரல் மடித்துக் கணக்குப் பார்த்தான். றெஜினோல்ட் அண்ணன் போடுவதைத்தான் போடுவார். ஒன்பதும் ஒன்பதும் பதினெட்டு. சமன். சமன் என்றால் இந்த வருசம் ஒரு போத்தலும் இல்லை, கொண்டெய்னர் துறைமுகத்திலேயே கிடக்கும்.

றெஜினோல்ட் குடித்தார். கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் இருந்த கடைசிச் சொட்டையும் விடவில்லை.

"பத்து," என்றார்.

"டேய்!" பெனடிக்ற் திரும்பினார். "நான் ஒன்பது போட்டனான்!"

"தெரியும் அண்ணை," என்றார் றெஜினோல்ட். "நாக்கு என்ரை."